ரிப்பன் கட்டிய செடிகள்

மார்ச் 4

முப்பத்தெட்டு செடிகளுக்கும் ரிப்பன் கட்டியாயிற்று. மரத்தில் ஒட்டி வளரும் இந்தக் காட்டு ஆர்க்கிட்டில் வனத்துறை அனுமதியோடு பூத்தண்டை மட்டும்தான் அறுத்து விற்போம், வேரைத் தொட மாட்டோம். ஒருமுறை அறுத்த செடிக்கு இரண்டு வருடம் ஓய்வு. அதற்கு அடையாளமாக இதுவரை மரத்தடியில் புல்லை முறுக்கி வைப்போம். எங்கள் ஏழு வீட்டாருக்கு மட்டும் புரியும். வன அலுவலர் கண்ணுக்கு அது தெரியவில்லையாம். சிவப்பு ரிப்பன் கட்டலாம் என்று சொன்ன அதிமேதாவி நான்தான். செடிக் கணக்கு எழுதும் பதிவேடு என் கையில் இருக்கிறதல்லவா, அந்தப் பெருமை! அண்ணன் ஏணி போட்டு ஏறிக் கட்டினார்.

மார்ச் 19

ஒன்பது செடி காணோம். எல்லாமே ரிப்பன் கட்டியவை. பட்டையோடு பெயர்ந்திருக்கிறது. அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, "குரங்கும்மா. சிவப்பா எதையாவது பாத்தா சும்மா இருக்குமா?" என்றார். அவர் சொன்னால் சரிதான். "குரங்கு பிய்த்தது – ஒன்பது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 27

இன்னும் பதினொன்று. குரங்கு.

ஏப்ரல் 2

த்தூ!

நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். நர்சரி வாசலில் வரிசையாக இருபது தொட்டி. எங்கள் செடிகள், வேரோடு. ஒன்றில் ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. பட்டையைக் கத்தியால் சீவியிருக்கிறது. எந்தக் குரங்கு கத்தி பிடிக்கும்? யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். நர்சரிக்காரர் சிரித்தார். "உங்க அண்ணன்தான். காத்துல விழுந்துச்சுன்னாரே. ஏன், உங்களுக்குப் பங்கு வரலையா?"

ஏழு வீட்டுக் கூட்டத்தில் "செடி நம்ம புள்ள மாதிரி" என்று தொண்டை கிழியப் பேசின வாய்தானே அது! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எங்கே மேயலாம் என்று சிவப்பு ரிப்பன் கட்டிக் காட்டியவள் நான். பொய்யின் கீழே என் கையெழுத்து வேறு. இந்தக் கையால் சாப்பிடவே கூசுகிறது.

ஏப்ரல் 3

நேரே அண்ணனிடம் போய்க் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கக்கூட இல்லை.

"ரெண்டு வருஷம் சும்மா கெடக்கிற செடிதானே? நீ வாயத் தொறந்தா ஏழு வீட்டு அனுமதியும் போயிடும். யோசிச்சுக்கோ."

சொல்லிவிட்டு விரலை நக்கினான். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், இன்று பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணி தண்ணீரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே உள்ளே போனாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும். சீ.

ஏப்ரல் 5

சொன்னால் எல்லோர் பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால் மிச்சம் இருக்கிற பதினெட்டும் போகும் – நான் என்னதான் செய்ய?

ஏப்ரல் 8

"குரங்கு" என்பதை அடித்துவிட்டு "என் அண்ணன்" என்று எழுதினேன். ரிப்பன் யோசனை என்னுடையது என்பதையும் எழுதினேன். ஏழு வீட்டாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். யாராவது அவனைக் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். கூடை பின்னும் அக்கா மட்டும் வாயைத் திறந்தாள்.

"குரங்காவே இருந்துட்டுப் போயிருக்கலாமேடி."

இவர்களோடா இத்தனை வருடம் காடு ஏறினேன்! பதிவேட்டை நானே கொண்டுபோய் அலுவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 22

வனத்துறைக் கடிதம் வந்துவிட்டது. மூன்று வருடம் யாரும் பூ அறுக்கக் கூடாது. நர்சரியில் மீட்ட இருபதையும் மறுபடி மரத்தில் கட்டுவார்களாம். தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

மே 11

செடிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போனேன். காட்டுப் பாதைக்குக் குறுக்கே கயிறு. பக்கத்தில் நாற்காலி போட்டு, காக்கிச் சட்டையில் அவன். மீட்ட செடிகளுக்குக் காவல் வேண்டுமாம். எந்தச் செடி எந்த மரத்தில் என்று அவனுக்குத்தான் அத்துப்படியாம். அலுவலரே கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்.

எண்ணிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். வாயிலிருந்து விசிலை எடுத்தான்.

"அனுமதிச் சீட்டு இருக்காம்மா?"

இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.