பேட்டரி தீர்ந்த சாவியும் சம்பங்கியின் பிரசவமும்

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்க வயல்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ராதிகாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பதறிப்போய் ஆயிரம் கேள்வி கேட்பாய், இதை முழுதாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வலது கண்ணில் புரை என்கிறார்கள், மழை விட்டதும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அப்பா அந்தக் கண்ணைக் காட்டத்தான் முதல் பஸ்ஸில் கோலார் போயிருந்தார். பக்கத்து வீட்டு பாக்கியவதி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "லதாக்கா, சீக்கிரம் வாங்க!" என்று அலறினாள். அவள் மருமகள் சம்பங்கியை நீ பார்த்ததில்லை, இந்தத் தை மாதம்தான் இங்கே குடிவந்தார்கள். பெங்களூரில் ஒரு கார் ஷோரூமில் வேலை, ஏழாம் மாதம் வரை காலை ரயிலில் நின்றுகொண்டே போய்வந்த பெண். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் போய்ப் பார்த்தால் பனிக்குடம் உடைந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புருஷன் விநாயக் அதற்குள் ரயிலேறிவிட்டான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் பேத்தமங்கலம் பக்கம் போயிருக்கிறது, முக்கால் மணி ஆகும் என்றார்கள். ஆட்டோவெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற நேரம். மிச்சம் இருந்தது நீ வாங்கிக் கொடுத்து நம் வாசலில் நின்ற கார்தான்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கறுப்பு டப்பியைச் சாவி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அமுக்கினேன், கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன், ஒரு விளக்கும் மின்னவில்லை. ஒரு மாதமாகவே வண்டியின் திரையில் சாவிப் படம் போட்டு ஏதோ எழுத்து வந்து போய்க்கொண்டிருந்தது, நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. இன்னொரு சாவி அப்பாவின் சட்டைப் பையிலேயே கோலாருக்குப் போய்விட்டது. "இன்னாக்கா, வண்டி செத்துப்போச்சா?" என்று பாக்கியவதி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது சம்பங்கிதான் மெதுவாக நடந்து வந்து கார்மேல் சாய்ந்துகொண்டு, "வண்டி சாவல ஆன்ட்டி, சாவி பேட்டரிதான் போச்சு. பயப்படாதீங்க. அதுல ஓரமா சின்னதா ஒரு பட்டன் இக்குது பாருங்க, அத்த தள்ளிக்கினே இழுங்க" என்றாள். இழுத்தேன் ராதிகா, டப்பிக்குள்ளிருந்து ஒரு சின்ன இரும்புச் சாவி வந்தது! இரண்டு வருஷமாகக் கையில் வைத்திருக்கிறேன், உள்ளே அது இருப்பது எனக்குத் தெரியாது. டிரைவர் கதவுக் கைப்பிடியில் அதற்கு ஒரு துவாரமும் இருந்தது. வலி வந்தால் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள், வலி விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். "தொறந்தா ஹாரன் கத்தும், கத்தட்டும், கண்டுக்காதீங்க" என்றாள். கத்தியது, தெருவே கூடிவிட்டது. அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து நான் உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால், சாவியைக் காணோம் என்று திரையில் எழுத்து வருகிறது. சாவி என் கையில்தான் இருக்கிறது! "விரலால வேணாம் ஆன்ட்டி. பிரேக்க நல்லா மிதிச்சிக்கினு, அந்த டப்பியாலயே பட்டன அமுக்குங்க" என்றாள். டப்பியைப் பட்டன்மேல் வைத்து அழுத்தினேன். ஹாரன் நின்றது, இன்ஜின் ஓட ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாக்கியவதி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. ஒன்பதே காலுக்குப் பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம், தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். நீலம் பாரித்திருந்ததாம், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்களாம்; பிள்ளை வீல் என்று அழுததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

மறுநாள் போய், பேட்டரியே இல்லாமல் அது எப்படியம்மா வேலை செய்தது என்று சம்பங்கியிடம் கேட்டேன். டப்பிக்குள் அரிசி அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறதாம், அதற்குச் சொந்தமாகக் கரண்ட் கிடையாதாம். கிட்டே கொண்டுபோனால் வண்டியே துளி கரண்டைக் காற்றில் கொடுக்குமாம், அதை வாங்கிக்கொண்டு சில்லு தன் நம்பரைச் சொல்லுமாம், வண்டி அடையாளம் கண்டுகொள்ளுமாம். ஷோரூமுக்குப் போன் பண்ணுகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறாள், "ஆனா பின்சீட்ல படுத்துக்கினு சொன்னது இதான் ஆன்ட்டி மொத தடவ" என்று சிரித்தாள். அந்த வலியிலும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாளே, எதைப் பார்த்து அதிகம் ஆச்சரியப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. சுரங்கம் மூடுகிற வரை ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆள் ஏற்றும் கேஜ் கூண்டை இறக்கி ஏற்றிய மனுஷர் உன் அப்பா, எந்த மெஷினையும் பார்த்து வாய் பிளக்க மாட்டார். நேற்று சாவிக்குப் புது பேட்டரி வாங்கி வந்தவர், அதைப் போடாமலே காரில் உட்கார்ந்து டப்பியை வைத்து ஸ்டார்ட் செய்கிறார், நிறுத்துகிறார், மறுபடி ஸ்டார்ட் செய்கிறார். காபி ஆறிப்போச்சு என்று கூப்பிட்டால், "இரு லதா, இன்னொரு வாட்டி" என்கிறார்.

இந்த வயதில் எனக்குக் கார் எதற்கு, ஊர் சிரிக்கும் என்று நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். மனதில் வைத்துக்கொள்ளாதே, கண்ணு. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். உன் கார் சாவியையும் இன்றே ஒருமுறை திறந்து பார், பனியில் வெளியே நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா லதா