மலை மூடும்போது கூப்பிடுகிற குரல்

என் கரடிக்கு,

இன்றும் நாலு மணிக்குப் பனிச்சறுக்கு மலையை மூடினார்கள். உன் மீட்புத் தொண்டர் படை ஆட்கள் கடைசியாக இறங்கினார்கள், வளைவுக்கு வளைவு நின்று, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக் காதுகொடுத்தபடி. நான் கீழே சூப் கடையில் நின்று அந்தக் குரல்களுக்குள் உன்னுடையதைத் தேடினேன்.

உன் கூட்டாளி ஓரின் என்னிடம் ஒரு கோப்பை சூப்பை நீட்டினான். "உன் புருஷன் மரத்துக்கிட்டகூட பதில் வாங்காம இறங்க மாட்டானே, வில்மா." சிரித்துவிட்டேன். அவனுக்குத்தான் முகம் மாறிப்போனது.

தனியாக மரங்களுக்குள் போகக் கூடாது என்பது உங்கள் சட்டம். நீயோ, "ஒரு குரல் கேக்குது, பாத்துட்டு வர்றேன்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போனாய். மரத்தடிப் பனிக்குழியில் விழுந்து, மறுநாள் காலையில் உயிரில்லாமல்தான் கிடைத்தாய். அன்று மலையேறின அத்தனை பேரும் நீ அந்தக் குரலைக் கேட்பதற்கு முன்பே பத்திரமாக இறங்கியிருந்தார்கள்.

உன் பெண்டாட்டி கேட்கிறேன். அன்றைக்கு உனக்குப் பதில் சொன்னது யார்?