இடது பக்கம் இழுக்கும் கார்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு ஓயாத காற்று. மில்லில் மிளகாய் அரைக்க நல்ல கூட்டம். தும்மித் தும்மியே அரை நாள் போனது.

என் பழைய மைனர் கார் இன்றும் இடது பக்கம் இழுத்தது. அலுவிகாரையிலிருந்து மாத்தளை டவுன் எவ்வளவு தூரம்? அதற்குள் கை கடுத்துவிட்டது. நேர் ரோட்டில் குடிகாரன் நடை. வளைவில் முதலில் திரும்ப மாட்டேன் என்கிறது, பிறகு ஒரேயடியாகத் திரும்பி விழுகிறது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் முன் சஸ்பென்ஷனைக் கழற்றி ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டதிலிருந்து இந்தக் கூத்து. போட்டவன் நான். யாரைத் திட்டுவது?

வீட்டில் கார் நிற்க, புஷ்பம் பஸ்ஸில் சந்தைக்குப் போய் வந்தாள். கட்டின மனைவி, இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு வேர்க்க வேர்க்க வருகிறாள். அக்கம்பக்கம் பார்க்கிறது.

15ஆம் தேதி லக்கல போய் மகளைக் கூட்டி வர வேண்டும். யமுனாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் நம் வீட்டில். "நம்ம கார்லதான் வருவேன்பா, நீங்கதான் ஓட்டணும்" என்று போனில் சொன்னாள். சரி என்று வாக்குக் கொடுத்தாயிற்று. இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜூன் 5, வியாழன்

வெயில். மில்லுக்கு மத்தியானம் வரை பூட்டு. பார்த்தவை:

டயர் காற்று. சரி.
ஸ்டீயரிங் டை ரொட். ஆட்டம் இல்லை.
முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். இழுப்பு மாறவில்லை.
போனில் மூன்று வீடியோ. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவன் காரை விற்கச் சொல்கிறான். நாசமாய்ப் போக.

பு. கதவருகில் நின்று, "யமுனாவக் கூட்டிவர வேனுக்குச் சொல்லிரட்டுமாங்க?"

"வேணாம்."

"கேட்டேன். அவ்வளவுதான்."

போன ஞாயிறு ரத்தொட்டை ரோட்டில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. வளைவில் கார் தானாக உள்ளே விழுந்தது. எதிரே பஸ். ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முருகா என்றாள். அன்று வீட்டு வாசலில் இறங்கினவள்தான், இன்னும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கூடுகிறது.

இருப்புக் கொள்ளவில்லை. டீ நாலு தடவை.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். நவாஸ் வீட்டில் சாப்பாடு. டவுனில் டயர் கடையும் அலைன்மென்ட் மெஷினும் வைத்திருப்பவன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அவனிடம் கேட்காமல் தனியாகக் கழற்றிப் பூட்டியது எனக்கே வெட்கம். அதனால் இவ்வளவு நாளும் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று பிரியாணி இழுத்துக்கொண்டு போனது.

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி.

"புஷ் போல்ட்ட எப்ப இறுக்கின? கார் ஜாக்ல நிக்கிறப்பவா, தரையில நிக்கிறப்பவா?"

"ஜாக்ல."

கையில் எடுத்த சோற்றை சகன் தட்டிலேயே போட்டுவிட்டுச் சிரித்தான். "அட மடையா!"

விஷயம் இதுதான். ஜாக்கில் நிற்கும்போது டயரும் சில்லும் கீழே தொங்கும். அந்த நிலையில் இறுக்கினால் ரப்பர் அப்படியே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கினதும் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு குழியிலும் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"எல்லாத்தையும் இளக்கு. நாலு சில்லும் தரையில இருக்கணும். முன்சீட்ல ரெண்டு பேர் பாரம் இருக்கணும். அப்ப இறுக்கு. அதுக்குப் பொறகு கடைக்குக் கொண்டா."

ஒரு மாத மண்டைக் குடைச்சல், சோறு தின்னும் நேரத்தில் தீர்ந்தது. சந்தோஷப்படாமல் கோபம்தான் வந்தது. என் மேல்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. மில் பூட்டு. விகாரைக்குப் போகும் சனம் காலையிலிருந்து ரோடு நிறைய. எதிரே இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சலில் ஸ்பீக்கர்.

நாலு சில்லுக்கும் கீழே பலகை வைத்தேன், கீழே படுத்து வேலை செய்ய இடம் வேண்டுமே. டிரைவர் சீட்டில் அரிசி மூட்டையும் அதன் மேல் மா மூட்டையும். அடுத்த சீட்டுக்கு மூட்டை இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் விகாரையில் சில் விரதம் எடுக்கப் போய்விட்டார்கள். அரை மணி நேரம் தயங்கிவிட்டுத்தான் குசினிக்குப் போய்ப் புஷ்பத்தைக் கூப்பிட்டேன்.

"சும்மா உக்காந்தா போதும். கார் நகராது."

"அந்தப் பக்கம் மூட்டை, இந்தப் பக்கம் நானா? நல்லா இருக்கு."

ஆனால் வந்தாள். கையில் உரித்த வெங்காயத் தட்டோடு. கதவை மூடாமல், ஒரு காலை வெளியே நீட்டி. காலை உள்ளே வை, பாரம் குறையுது என்றேன். வைத்தாள்.

நான் கீழே படுத்து ஒவ்வொரு நட்டாக இளக்கினேன். இளகும்போது டக் என்று ஒரு சத்தம், கார் கொஞ்சம் உட்கார்ந்தது. மேலே அவள் உடம்பு அதிர்ந்தது கீழே தெரிந்தது. இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல். முகம் தெரியாததாலோ என்னவோ, பேச வந்தது அவளுக்கு.

"கார் இழுத்ததுக்கு நான் பயப்படலங்க."

"பிறகு?"

"அதுக்கு முன்னாடியே இழுத்துச்சு. ஒங்க கைய பாத்துக்கிட்டேதான் இருந்தேன். என்னங்க என்னங்கன்னு மூணு தடவ கேட்டேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னீங்க. எனக்கு அந்த ஒண்ணுமில்லதான் பயம்."

ஸ்பேனர் கையிலேயே நின்றது. கண்ணில் துரு விழுந்தது வேறு.

"இறுக்குறீங்களா, தூங்கிட்டீங்களா?"

இறுக்கினேன். இடது நாலு, வலது நாலு.

ஜூன் 12, வியாழன்

காற்று. நவாஸ் கடையில் அலைன்மென்ட். மெஷினில் பச்சை வந்ததும் முதுகில் ஒன்று போட்டான். டவுனிலிருந்து வீடு வரை ஒரு விரலால் ஓட்டினேன். நேராக வந்தது. ரோட்டிலேயே சத்தம் போட்டுச் சிரித்தேன், தனியாக.

பின்னேரம் முன் சில்லுப் பக்கம் கிரீஸ். ஊறட்டும் என்று தாராளமாக அடித்தேன்.

பு.விடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். "பாப்பம்." சீலையை அயர்ன் பண்ணி வைத்திருப்பதைப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆறரைக்குக் கிளம்பினோம். பு. முன்சீட்டில், மடியில் பலகாரப் பெட்டி. ரத்தொட்டை வரை பெட்டியைப் பிடித்தபடியே வந்தாள். ரிவஸ்டன் மலை உச்சியில் பனிமூட்டம், காரைத் தள்ளும் காற்று. கார் அசையாமல் போனது. நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு.

லக்கலப் பக்க இறக்கத்தில், ஐந்தாவது வளைவோ ஆறாவதோ, பிரேக் பிடித்தேன். வலது பக்கம் இழுத்தது. அடுத்ததிலும்.

ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"புஷ்பம், பிரேக் புடிச்சா வலது பக்கம் இழுக்குது. ஏன்னு தெரியல."

திரும்பிப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா. கொஞ்சம்தான். ஆனா இழுக்குது."

"சரி. நிப்பாட்டி நிப்பாட்டி போங்க."

இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். மருமகன் வீட்டில் இடது முன் சில்லைக் கழற்றினால், பிரேக் கட்டையில் கிரீஸ். இடது பிடிக்காமல் வலது மட்டும் பிடித்திருக்கிறது. வியாழக்கிழமை நான் அடித்த அதே தாராளம், வழிந்து உள்ளே போயிருக்கிறது. பெற்றோலில் கழுவி, மண்தாள் போட்டுத் தேய்த்து, பூட்டி, ஊர் ரோட்டில் நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்தேன். நேராக நின்றது.

"இப்ப சரிதானே மாமா?" மருமகன்.

"சரி மாதிரிதான்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த மாதிரியை நம்பி யமுனாவை அந்த மலையில் ஏற்றுவதா? நானே மருமகனிடம் வேனுக்குச் சொல்லச் சொன்னேன்.

யமுனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஆசையா இருந்தேன்பா. சரின்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இன்னைக்கு முடியாதும்மா. இன்னும் எனக்கே நம்பிக்கை வரல."

பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் நகத்துக் கிரீஸை வெகு நேரம் தேய்த்தேன்.

மூன்று மணிக்கு வேன். பு. மகளை ஏற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து, மருமகனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நீ வேன்ல போகலையா?"

"அவளுக்குப் பக்கத்துல புருஷன் இருக்கான். கதவ தொறங்க."

வேன் முன்னால் போய் மறைந்தது. நாங்கள் மெதுவாக. ரிவஸ்டன் தாண்டி ரத்தொட்டைப் பக்க இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் "இழுக்குதா?" "இல்ல." ஒரு வளைவில் மட்டும், "ஒரு சின்ன இழுப்பு இருந்த மாதிரி. காத்தா இருக்கலாம், தெரியல." "ம்." இன்னும் இரண்டு வளைவு. கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கதவில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, தூங்குகிறாள்.