துப்பாமல் பேசச் சொன்னார்கள்

மார்ச் 24, திங்கள்
இன்றிலிருந்து நான் டீ ருசி பார்ப்பவள் இல்லையாம். பேக்டரியைச் சுற்றிப் பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்கு விளக்கம் சொல்பவளாம். புது மேனேஜர் அஸ்வந்த் சாரின் ஏற்பாடு. "உங்க இங்கிலீஷை வெச்சுக்கிட்டு அந்த ரூம்ல அடைஞ்சு கிடக்கலாமுங்களா?" என்றார். ஆறு வருஷமாக வாயை டீக்கு மட்டும் திறந்து நிம்மதியாக இருந்தேன். யார் கண்ணை உறுத்தியதோ! என் இடத்துக்கு பேக்கிங்கிலிருந்து கொர்னேலியஸ் அண்ணன். தூணைக் கண்டாலும் நின்று பேசுகிறவர். சீனியர் என்பதால் பிரமோஷனாம்.

மார்ச் 28, வெள்ளி
எல்லாக் கூட்டமும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஓசி டீ எங்கே?

ஏப்ரல் 3, வியாழன்
தொண்டை போச்சு. ஞாயிறு சர்ச்சில் கைகுலுக்க வந்த ஆயரிடம் "டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

மத்தியானம் ருசி அறையை எட்டிப் பார்த்தேன். அண்ணன் பிரமை பிடித்தவர் மாதிரி கோப்பைகள் முன்னால் நிற்கிறார். பேசிக்கொண்டே குடித்தால் ருசி தெரியவில்லையாம். பேசாமல் இருந்தால் தலை வலிக்கிறதாம். "எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னே எழுதீட்டேன் கெஸியா. பாவம், எதுக்கு மனசை நோகடிக்கோணும்?" டீயின் மனசை! சிரிப்பதா, அழுவதா?

ஏப்ரல் 11, வெள்ளி
காலையில் பேக்டரி கேட்டைப் பார்த்தாலே திரும்பி வீட்டுக்கே ஓடிவிடலாம் போலிருக்கிறது. வேலையை விட்டுவிடப் போகிறேன். வேறெங்கும் ருசி பார்க்கிற வேலை கிடைக்குமா — தெரியாது. லீவுக் கூட்டம் குறைந்ததும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்
ஐயோ. ஐயோ.

சித்திரை ஒன்று, சரியான கூட்டம். ஒரு மதுரைக்கார அம்மா கோப்பையை நீட்டி, நீயே குடித்துப் பார்த்து எப்படி இருக்கிறதென்று சொல் என்றார். பழக்க தோஷம். கரண்டியில் எடுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, இடது பக்கம் திரும்பிப் புளிச்சென்று துப்பினேன். ருசி அறையில் அந்த இடத்தில் துப்புகிற தொட்டி இருக்கும். இங்கே இருந்தது, வருஷப் பிறப்புக்குப் புது வெள்ளை வேட்டி கட்டி வந்த அஸ்வந்த் சார்.

எவனோ வீடியோ எடுத்துவிட்டான்.

ஏப்ரல் 16, புதன்
அவர் துரத்துவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று போனேன். சார் முகமெல்லாம் பல். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் "துப்புற அக்கா எங்கே?" என்கிறார்களாம். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் விளக்கமும் சொல்லி, துப்பியும் காட்ட வேண்டுமாம்!

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "துப்பறேனுங்க சார். என் ரூம்ல, என் தொட்டில. வேணும்னா கண்ணாடி வழியாப் பாத்துக்கட்டும். பேசறதுக்கு அண்ணனை விடுங்க. பேச முடியாம அவரு சாகறாரு, பேசிப் பேசி நான் சாகறேன். உங்களுக்குத் தெரியலீங்களா?"

அண்ணனுக்கு இங்கிலீஷ் வராதே என்று சார் இழுத்தார். அவர் வாயைத் திறந்தால் எதிராளி இங்கிலீஷை மறந்துவிடுவான் என்றேன்.

மே 6, செவ்வாய்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் என்னைக் காட்டி எதையோ அளந்துகொண்டிருக்கிறார். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நேற்றைய டீயில் கருகல் வாடை, எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் குன்னூரில் பஸ் ஏறியதும், பக்கத்தில் உட்கார்ந்த பெண் அருவங்காடு எப்போது வரும் என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் இறங்கும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.