லூஸ் புல்லி

மாதா துணை
குஷாய்குடா, 7-8-2023

அன்புத் தங்கை உஷாவுக்கு,

அண்ணன் எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடுதாசி. மச்சானுக்குக் காயம் ஆறிவிட்டதா? பூசையில் தினமும் அவருக்காக மன்றாடுகிறேன். தை மாதம் அஸ்வினிக்குக் கல்யாணமாமே! தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்கமாட்டேன்.

பட்டறைதான் தவிக்கிறது. மழை ஈரத்தில் தோல் பெல்ட்டெல்லாம் நெகிழ்ந்து வழுக்குகிறது. மச்சான் மாதிரி அளந்து வெட்டி, முனையைச் சீவி ஒட்ட ஆளில்லை. மிஷின் ஓட்டுகிற யூசுப்போ, "நக்கோ சேட், வேணாம், ஓடுற பெல்ட்டுல நான் கை வைக்கமாட்டேன்" என்கிறான்.

அடுத்த மாதம் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். 'மோட்டாரை நிறுத்தாமல் பெல்ட் மாட்டாதே என்று முதலாளி சொல்லியிருந்தார், நான்தான் கேட்கவில்லை' என்று எழுதி ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். மச்சான் கையெழுத்துப் போட்டால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் பூட்டிவிடுவார்கள் அம்மா.

உன் அண்ணன்
இருதயராஜ்

திண்டுக்கல், 16-8-2023

அன்புள்ள அண்ணனுக்கு,

காயம் ஆறிவிட்டது. முழங்கைக்குக் கீழே இல்லாத கை எப்படி ஆறும்? சட்டைப் பொத்தானை அஸ்வினிதான் போட்டுவிடுகிறாள். அந்த நேரம் அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

"மோட்டாரை நிறுத்துங்க மச்சான்" என்று அவர் கேட்டாரா, இல்லையா? "ஒரு பெல்ட்டுக்காக அஞ்சு மிஷினையும் நிறுத்தவா? சும்மா தூக்கிப் போடுங்க" என்று சொன்னது நீதானே? அஞ்சுக்கும் ஒரே மோட்டார் என்பது அவர் கையின் குற்றமா?

அவரோ, "போகட்டும்டி, உன் அண்ணன்தானே, போட்டுடறேன்" என்கிறார். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். ஒவ்வொரு மிஷினுக்கும் மிஷினை இழுக்காமல் சும்மா சுற்றுகிற சக்கரம், லூஸ் புல்லி ஒன்றும், பெல்ட்டை அதன்மேல் தள்ளிவிடக் கவை மாதிரி ஃபோர்க் ஒன்றும் வை. மோட்டார் ஓடினாலும் அந்த மிஷின் மட்டும் நிற்கும், யாரும் கை வைக்க வேண்டாம். மாட்டிப் படம் அனுப்பு.

உன் தங்கை
உஷா

குஷாய்குடா, 28-8-2023

அன்புத் தங்கைக்கு,

மச்சான் சொன்னபடியே செய்துவிட்டேன். படம் இதோடு இருக்கிறது. அதைக் காட்டிப் பேசியதும் யூசுப்பும் வழிக்கு வந்துவிட்டான். விசாரணை நெருங்கிவிட்டது. தாளைச் சீக்கிரம் அனுப்பு. அஸ்வினிக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று.

இருதயராஜ்

திண்டுக்கல், 4-9-2023

அண்ணனுக்கு,

படம் வந்த அன்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஃபோர்க் இருக்கு. பக்கத்துல லூஸ் புல்லி எங்கடி? பெல்ட்டை எது மேல தள்ளுறது? உன் அண்ணன் படத்துக்காக மட்டும் மாட்டியிருக்கான்" என்றார். அப்புறம், "யூசுப் இதை நம்பிக் கை வச்சிருவானே" என்று சொல்லி அழுதார். கை போன அன்றுகூட அவர் அழவில்லை.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். அன்று நடந்ததையும் இந்தப் படத்தின் கதையையும் இடது கையால் அவரே ஆய்வாளருக்கு எழுதிவிட்டார். கோணல் எழுத்துதான், ஆனாலும் படிக்க முடிகிறது. யூசுப்புக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வராதே. தாய்மாமன் மாலையை அஸ்வினி அவள் அப்பாவிடமே வாங்கிக்கொள்வாள். ஒரு கையால் போட்டால் போதும் என்கிறாள்.

ஆரோக்கியசாமியின் மனைவி
உஷா