ஒரு நோன்பு பாக்கி

சிவகாசி

அன்பு மகள் மஹ்ரீனுக்கு,

அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் அத்தாவும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் கால் நலமாயில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. போனில் கேட்டால் பயிற்சி நன்றாகப் போகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் பாட்டியாலாவுக்குக் கடிதம், இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது பார். உன் அறைத்தோழி ஆர்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளோடு சண்டைக்குப் போகாதே. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசலாம், இப்போது ஓடினால் முறிந்துவிடும், அப்புறம் ஓட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம், நீயோ வலிக்கு ஊசி போட்டுக்கொண்டாவது அடுத்த மாதத் தேர்வுப் போட்டியில் ஓடியே தீருவேன் என்கிறாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. போன ரமலானுக்குக் கொஞ்சம் முந்தித்தான் அத்தாவுக்குச் சிறுநீரகக் கல் எடுத்தார்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், இந்தத் தடவை நோன்பு வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடம்புக்கு முடியாதவர்கள் விட்டுவிட்டு, தேறிய பிறகு களாவாக வைத்துக்கொள்ளலாம் என்பது உனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா, ஆனாலும் வெட்கம். அச்சகத்தில் வேலைக்காரர்கள் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டுப் பேப்பர் பண்டலுக்குப் பின்னால் குத்தவைத்துக் குடித்திருக்கிறார். பைண்டிங் பார்க்கும் ஆமத்தூர் வேலுத்தாய் பேப்பர் எடுக்கப் போனவள் யாரோ திருட்டுப்பயல் என்று சத்தம் போட்டு ஆளைக் கூட்டிவிட்டாள். பார்த்தால் முதலாளி, கையில் தண்ணீர் பாட்டில். ஏன் பாய் இங்கன வந்து ஒளிஞ்சு குடிக்கீக, பூச்சி பொட்டு கிடக்கும், நாற்காலில உக்காந்து குடிங்க என்றாளாம். அத்தாவே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். மறுநாளிலிருந்து நாற்காலியில்தான்.

பெருநாள் கழிந்து டாக்டர் சரி என்றதும் திங்கள், வியாழன் என்று ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். ஊரே சாப்பிடும்போது தான் ஒருவராக நோன்பிருப்பதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சமைக்கிறவள் நான், அதை யாரும் சொல்வதில்லை. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும், அச்சகத்தில் வேலை நெருக்குகிறது, அதற்கு நடுவிலும் அவருக்கு நோன்பென்றால் வேலுத்தாயும் மற்றவர்களும் அவர் கண்ணில் படாமல் டீ குடிக்க அதே பண்டலுக்குப் பின்னால் போவார்களாம்.

நீயும் வெட்கப்பட்டுத்தானே எங்களிடம் மறைத்தாய். மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். போட்டி அன்றைக்கு அழுகை வந்தால் அழு, எனக்குப் போன் போடு, நானும் சேர்ந்து அழுகிறேன். ஏன் ஓடவில்லை என்று இங்கே கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய் உனக்குத் தெரியும். போட்டி அடுத்த வருடமும் வரும். எனக்கு இருப்பது நீ ஒரு பிள்ளை.

கடிதம் கிடைத்த அன்றே கோச்சிடம் போய் உன் பெயரை எடுக்கச் சொல்லிவிடு. காலைத் தலையணை மேல் தூக்கி வை, பால் குடி, ஓடாத நாளிலும் வயிறாரச் சாப்பிடு. இறைவன் உன் காலுக்கு வலுவும் மனதுக்குப் பொறுமையும் தருவானாக.

இன்னொன்று. அத்தா எல்லாக் களாவையும் முடித்துவிட்டு ஒன்றை மட்டும் பாக்கி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், டாக்டர் சரின்னு சொல்லி எம்மக மொத தடவ ஓடுற அன்னைக்கு வச்சுக்கிடுதேன், அடுத்த ரமலானுக்குள்ள எம்புட்டோ நாள் கெடக்கு, அவசரமில்லைன்னு எழுது என்றார். அந்த நாள் வரும்போது முந்தின நாளே சொல்லிவிடு, சஹருக்கு நான் எழுந்து சமைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மெகருன்னிசா