அலையில் ஒரு கறுப்புப் புள்ளி

கடலைக் கண்டு வந்த என் மணியண்ணைக்கு,

நாளைக்கு நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள். உங்கள் கல்வெட்டை நான்தான் அச்சடிக்கிறேன். எங்கள் அச்சுக்கடை இருக்கிற இந்த அஜின்கோர்ட்டில், செத்துப்போன எத்தனை பேருக்கு நீங்களும் நானும் சேர்ந்து அடித்துக் கொடுத்த அதே நினைவுப் புத்தகம். இந்த முறை மெஷினுக்குப் பக்கத்தில் நீங்கள் இல்லை.

நூலகத்துப் பழைய புத்தக விற்பனையில் நீங்கள் தூக்கி வந்த அந்தப் பெரிய படப்புத்தகம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அமெரிக்காவும் மெக்சிகோவும் சண்டை பிடித்த காலத்தில், போர்க்கப்பலில் பீரங்கி இயக்கிய ஒரு மாலுமி கீறிய படங்கள். வெகுகாலம் கழித்து யாரோ தேடியெடுத்து மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். "சுட்ட கையாலயே கீறியிருக்கிறான், பாரடா" என்றீர்கள். சரக்குக் கப்பலில் உலகம் சுற்றிய உங்களுக்கு அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது குரல் தணிந்துவிடும். எனக்குத் தாளின் தரம்தான் கண்ணில் பட்டது.

அதிலிருந்த ஒரு கடற்சண்டைப் படத்தைச் சுவரில் மாட்டப் பெருப்பித்துத் தரச் சொன்னீர்கள். ஸ்கேன் செய்தால் அலைக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பழைய தாளின் கறை என்று அழித்துவிட்டேன். சுத்தமாகக் கொடுப்பதுதானே என் தொழில்?

வாங்கி நெடுநேரம் பார்த்தீர்கள்.

"கடலுக்கை கிடந்தவன் எங்க?"

"ஆர் அண்ணை?"

"நீ துடைச்சது ஊத்தையில்லையடா. அது ஆள்."

உங்கள் பூதக்கண்ணாடியைப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு தலை. தூக்கிய ஒரு கை. அரிசிமணி அளவுகூட இல்லை. குண்டு விழுகிற நேரத்திலும் அந்த மாலுமி இவனைக் கண்டிருக்கிறான். மறுபதிப்புச் செய்தவர்களும் இவனை விட்டுவிடவில்லை. தூக்கிய கையோடு என் கடைவரை வந்து சேர்ந்தவனை நான் ஒரு கிளிக்கில் மூழ்கடித்தேன். அவனைப் பிறகு யாராவது கப்பலில் ஏற்றினார்களா அண்ணை? உங்களிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன கிழமை உங்கள் மகள் வாசுகி கல்வெட்டின் மாதிரிப்படியைப் பார்க்க வந்தாள். வழக்கம்போல உங்கள் படத்துக்கும் கோட்டும் டையும் ஒட்டியிருந்தேன். என்ஜின் அறை நீராவி கன்னத்தில் விட்ட தழும்பையும் எடுத்துவிட்டேன். கை பழகிய வேலை. அவளும் உங்களைப் போலவே நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு அங்கிள். ஆனா இது ஆர்?"

மாதிரிப்படியை அவளிடமிருந்து திருப்பி வாங்கினேன்.

கோட்டைக் கழற்றிவிட்டேன் அண்ணை. மை பட்ட அந்த நீலச் சேட்டோடுதான் இருக்கிறீர்கள். தழும்பும் இருக்கிறது. பின்னட்டையில் வழக்கமாகப் போடுகிற குத்துவிளக்கு இல்லை. உங்கள் கடற்சண்டைப் படம். இன்று மெஷினில் வந்த முதல் தாளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கை தூக்கியபடியே இருக்கிறான்.

இனியும் யாராவது கேட்டால் கோட்டுப் போட்டுக் கொடுப்பேன்; கடை நடத்த வேண்டுமே. ஆனால் கேளாமல் ஒரு புள்ளியைக்கூட அழிக்கமாட்டேன். அழிக்கச் சொன்னாலும், அது ஆளா என்று முதலில் பார்ப்பேன்.

உங்கள் பூதக்கண்ணாடியைத் திருப்பித் தராத தம்பி,
குலம்